சிலம்பக் கம்போடு சினிமா சண்டைக்கு: செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு ஃபைட்டர் சொல்லும் வழி

"சிலம்பம் தெரியும், மெடல் இருக்கு, சினிமாவுல ஃபைட்டராக என்னண்ணே செய்யணும்?" பள்ளத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் கேட்பது இதுதான். கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் பெரிய ஸ்டண்ட் மாஸ்டர் இல்லை. சென்னை வடபழனியில் ஃபைட்டராக இருந்தேன். வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாளாக முகம் காட்டினேன். சாவதற்கு முன் ஓரிரு வசனம் பேசும் அளவுக்கு நடிகனானேன். அப்புறம் உதவி மாஸ்டர். இப்போது செட்டிநாட்டுப் பக்கம் ஷூட்டிங் வரும் கம்பெனிகளுக்குச் சண்டைக் காட்சிகளை ஒருங்கிணைத்துக் கொடுக்கிறேன். சினிமாவும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆச்சி மனோரமா வளர்ந்த ஊர் இது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சினிமாவில் உங்களுக்குச் சம்பளம் அடி வாங்குவதற்குத்தான். அடிப்பவர் ஹீரோ ஒருவர். மீதிப் பேர் எல்லோரும் வாங்க வேண்டும், ஆளுக்கு ஒரு மாதிரி, கேமரா இருக்கும் பக்கம் பார்த்து வாங்க வேண்டும். 1973-ல் வந்த எண்டர் தி டிராகனில் ப்ரூஸ் லீ ஓர் அடியாளின் முடியைப் பிடித்துக் கழுத்தை முறிப்பார். அந்த அடியாள் ஜாக்கி சான். சின்ன வயதிலிருந்து சீன நாடகப் பள்ளியில் குட்டிக்கரணமும் வாள்வீச்சும் கற்றவர், பேர் தெரியாத ஆளாக நின்று செத்துத்தான் மேலே வந்தார். இங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். "நான் மாவட்ட அளவுல ஜெயிச்சவண்ணே" என்பார்கள். சரி, அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது, அதற்கு உதவும். ஷூட்டிங்கில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

விழுவதிலிருந்து ஆரம்பியுங்கள்

சிலம்பத்தில் விழுவதற்குப் பாடம் கிடையாது. விழாமல் இருக்கத்தான் காலடி சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் இதைத் தனியாகக் கற்க வேண்டும்.

கோடையில் கண்மாய் வற்றியதும் மணல் கிடக்கும் ஓரமாக ஓர் இடம் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளையும் பாட்டில் சில்லையும் முதலில் பொறுக்குங்கள். மேலாகப் பார்த்தால் போதாது, கையால் ஓர் அடி ஆழம் கிளறிப் பாருங்கள். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து பின்னால் சாயுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையைத் தொடாது. முதுகு மணலில் படும் அதே நேரத்தில் இரண்டு முன்கைகளும் பக்கவாட்டில் சரிவாக இறங்கித் தரையை அறைய வேண்டும். மூச்சை வாயால் வெளியே விட்டுவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அடி உள்ளே இறங்கும். உள்ளங்கையை மட்டும் ஊன்றாதீர்கள். விழப்போகிறவன் கையை ஊன்றுவது பிறவிக் குணம், மணிக்கட்டு முறிவதும் அப்படித்தான்.

குத்தவைத்து விழுவது பழகியதும் நின்றபடி விழுங்கள், அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் ஒருவர் தள்ளிவிட. மணலிலிருந்து மெத்தைக்கு, மெத்தையிலிருந்து மெல்லிய விரிப்புக்கு, கடைசியில்தான் தரைக்கு. அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் விழத் தெரிய வேண்டும். வலது பக்கம் மட்டும் விழத் தெரிந்தவனைக் கேமராவுக்கு ஏற்றபடி நிறுத்த முடியாது, மாஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

கூடவே கொஞ்சம் ஜிம்னாஸ்டிக்ஸும் வேண்டும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். ஒருவரைப் பிடித்து முன் உருளல், பின் உருளல், கையூன்றிப் புரளுதல், முடிந்தால் பின் பல்டி, இந்த நாலையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். யூடியூபைப் பார்த்துத் தனியாகப் பின் பல்டி அடிக்க வேண்டாம். கழுத்துக்கு மாற்று கிடையாது.

அடுத்தது, சிலம்பக்காரனின் தற்காப்புப் புத்தியை அடக்குவது. முகத்துக்கு நேராகக் கை வந்தால் நம் கை தானாக எழுந்து தடுக்கும். ஆசான் வருஷக்கணக்கில் ஏற்றிவிட்ட பாடம் அது, ஷூட்டிங்கில் அதுவே தொல்லை. கூட்டாளி ஒருவரை நிறுத்தி, உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெதுவாகக் குத்தை விடச் சொல்லுங்கள். கை தொங்கியே இருக்கட்டும். முஷ்டி உங்கள் மூக்கைக் கடக்கும்போது முதலில் தாடை திரும்ப வேண்டும், அதன் பின்னால் தோள், அப்புறம் இடுப்பு, கடைசியில் கால். இதைத்தான் ரியாக்‌ஷன் என்கிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். குத்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பினாலோ, "என்ன தம்பி, ஜோசியம் பாத்துட்டு வந்தியா?" என்று மாஸ்டர் மைக்கில் கேட்பார். மொத்த யூனிட்டும் சிரிக்கும்.

கேமராவுக்குக் கம்பு எப்படித் தெரிகிறது

ஒரு ஃபோனும் அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் போதும். அடிப்பவர் தோளுக்குப் பின்னால் ஃபோனை வையுங்கள். முஷ்டி லென்ஸுக்கும் முகத்துக்கும் இடையே குறுக்கே போகட்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தும் பட்ட மாதிரியே தெரியும். இப்போது ஃபோனைப் பக்கவாட்டுக்கு மாற்றி அதே குத்தை எடுங்கள். இடைவெளி பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டையும் நாலைந்து முறை எடுத்துப் பாருங்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடியின் கோணத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

கம்பு விஷயம் இன்னும் சுவாரசியமானது. நம் ஆசான்கள் வேகத்தைத்தான் மெச்சுவார்கள். வீச்சில் கம்பு கண்ணுக்கே தெரியக் கூடாது, சத்தம்தான் கேட்க வேண்டும் என்பார்கள். கேமரா வழக்கமாக வினாடிக்கு 24 ஃபிரேம் பிடிக்கும். ஷட்டர் 180 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்குவது ஒரு வினாடியில் 48-ல் ஒரு பங்கு நேரம். கம்பு நுனி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் அந்த நேரத்துக்குள்ளேயே ஓர் அடி தூரம் நகர்ந்துவிடும். திரையில் கம்பு இருக்காது, மங்கலாக ஒரு தீற்றல்தான் இருக்கும். உயிரைக் கொடுத்துச் சுற்றியது அத்தனையும் வீண்.

அதற்கு இரண்டு வழி உண்டு. கேமராமேன் 48 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் வேகம் பாதியாகக் குறைந்து வீச்சு தெரியும். ஆனால் முழுச் சண்டையையும் அப்படி எடுக்க மாட்டார்கள். இரண்டாவது வழி உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு வீச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் கம்பு ஒரு கணம் நிற்கட்டும், நடுவில் மட்டும் வேகம் போகட்டும். பார்ப்பவர் கண் தொடக்கத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதைப் பழக, உங்கள் சிலம்ப வரிசை முழுவதையும் பாதி வேகத்தில் செய்யுங்கள், ஒவ்வோர் அடிக்கும் கம்பை நிறுத்தி. பெரிய ஆசான்களுக்கு இது பிடிக்காது. போர்ச் சிலம்பம் ஆடியவர்கள் அலங்கார வீச்சையே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். சினிமாவில் சோறு போடுவது அந்த அலங்கார வீச்சுதான்.

கம்பின் அளவும் மாறும். நாம் நெற்றி உயரத்துக்கு வெட்டிய கம்பில் பழகியிருப்போம். ஷூட்டிங்கில் ஹீரோவின் உயரத்துக்கும் ஃபிரேமுக்கும் ஏற்ற மாதிரி கொடுப்பார்கள். நெருக்கத்தில் ஆடும் ஷாட்டுகளுக்கு ஃபோம் சுற்றி மூங்கில் நிறம் அடித்த டம்மி கம்பு வரும். எடை குறைவு என்பதால் பழகாத கைக்கு முதல் வீச்சே ஒரு அடி கூடுதலாகப் போய்விடும். கையில் வாங்கியதும் பத்து முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எதிராளி பக்கம் திரும்ப வேண்டும்.

குத்துவரிசை, மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் தெரிந்திருந்தால் நல்லது. வளரி என்னும் வளைந்த எறி ஆயுதம் பற்றியும் படித்து வையுங்கள். சிவகங்கைச் சீமைக்கு வரும் இயக்குநர்கள் மருது பாண்டியர் கதை என்றால் வளரி கேட்காமல் இருக்க மாட்டார்கள். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். 1801-ல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதே வெல்ஷும் இருந்தார். இந்த மாதிரி நாலு விஷயம் தெரிந்த ஃபைட்டரை இயக்குநர் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். எனக்கு முதல் வசனம் கிடைத்தது அப்படி ஒரு பேச்சில்தான்.

வடபழனி

விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியவாக்கில் எழும்பூர். அங்கிருந்து வடபழனி. ஸ்டண்ட் யூனியன் இருப்பது அங்கேதான், சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியோடு இணைந்த சங்கம். யூனியன் கார்டு இல்லாமல் பெரிய படங்களில் ஃபைட்டராக நிற்க முடியாது. கட்டணம் சிறிய தொகை இல்லை, திறமையும் பார்ப்பார்கள், புதிய ஆட்களை எடுக்கும் காலமும் வேறுபடும். நேராகச் சங்க அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். "கார்டு வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் குடு" என்று டீக்கடையில் தோளில் கை போடுகிறவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கார்டு கிடைக்கும்வரை ஒரு மாஸ்டரின் பயிற்சிக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மெத்தை தூக்குவது, அட்டைப்பெட்டி அடுக்குவது, கயிறு சுற்றி வைப்பது என்று வேலை வரும். சலிக்காதீர்கள். உயரத்திலிருந்து விழும் ஷாட்டுக்குக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கும் முறையை நான் கற்றது அங்கேதான். பெட்டிகள் காலியாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். பெட்டிக்குள்ளிருக்கும் காற்று நசுங்கி வெளியேறுவதுதான் விழுபவரைத் தாங்குகிறது. மேலே மெத்தை, சுற்றிலும் கயிறு. பெட்டிக்குள் எவனாவது டீ கிளாஸை வைத்திருக்கிறானா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இதைச் சிரத்தையாகச் செய்கிற பையனை எந்த மாஸ்டரும் விட மாட்டார்.

வடபழனி என்றதும் ஏவி.எம். நினைவு வரும். அந்த ஸ்டூடியோவே முதலில் நம் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்ததுதான். 1947-ல் வந்த நாம் இருவர் இங்கே எடுத்த படம். பிறகு 1980-ல் அதே ஏவி.எம்.முக்கு நம் காரைக்குடிக்காரர் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய முரட்டுக்காளையில் ஜூடோ ரத்னம் மாஸ்டர் அமைத்த ரயில் சண்டையை இன்றைக்கும் ஃபைட்டர்கள் ஃபோனில் போட்டுப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் கயிறை அழிக்கும் வசதி இல்லாத காலம். ஹீரோவை விடுங்கள், அடி வாங்குகிறவர்களின் கால்களை மட்டும் கவனித்து ஒரு முறை பாருங்கள். நல்ல பாடம்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முன்பு கதாநாயகிக்கு டூப் என்றால் ஒல்லியான ஆணுக்கு விக் வைத்து நிறுத்துவார்கள். இப்போது சிலம்பம், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்த பெண்களைத் தேடுகிறார்கள். நம் பக்கத்துச் சிலம்பக் கூடங்களில் பெண் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், வீட்டில்தான் அனுப்பத் தயங்குகிறார்கள். போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், தங்கும் இடம் எது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் கம்பெனிக்கு வேலை செய்ய வேண்டாம்.

முகம் காட்டுவது

ஃபைட்டரிலிருந்து நடிகராவது தனிக் கலை. மாஸ்டர் உங்களைப் பார்ப்பது உடம்பாக, இயக்குநர் பார்ப்பது முகமாக. அடி வாங்கும்போது கண்ணை இறுக மூடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கண் திறந்திருந்தால்தான் வலியும் பயமும் தெரியும். அடிக்கு முன்னால் ஒரு பார்வை, அடிபட்ட பின் ஒரு பார்வை, இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காட்டத் தெரிந்தால் எடிட்டர் உங்கள் ஷாட்டை வெட்ட மாட்டார். வசனத்தில் நம் ஊர்ப் பேச்சை மறைக்காதீர்கள். "வாங்கப்பு", "என்னங்கிறீக" என்று இயல்பாகப் பேசத் தெரிந்த அடியாள் கிடைப்பது கிராமத்துப் படம் எடுப்பவருக்குப் பெரிய வசதி. முறையாகக் கற்க விரும்பினால் சென்னையில் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் இன்று நடிகர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அனுப்பும் வீடியோ ஒரு நிமிஷத்துக்குள் இருக்கட்டும். ஃபோனைப் படுக்கவைத்து எடுங்கள். முன்முகம், இரண்டு பக்கமுகம், ஒரு விழுதல், ஒரு வரிசை, இரண்டு வரி வசனம். விழுவதை வெட்டாமல் தூரத்திலிருந்து காட்டுங்கள். பின்னணியில் பாட்டு, ஸ்லோமோஷன், நெருப்பு எஃபெக்ட் எதுவும் வேண்டாம். உதவி இயக்குநர்களுக்கு எஃபெக்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் சண்டை வைப்பது

ஒருங்கிணைப்பாளராக நான் அதிகம் கற்றது இந்த வீடுகளிடம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் ஷூட்டிங்குக்கு விடும் வீடுகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விழுவதற்கு மகா மோசம்.

முதலில் தரை. ஆத்தங்குடிக் கல் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வழவழப்பாகியிருக்கும். புதுத் தோல் செருப்போடு ஓடினால் நிச்சயம் வழுக்கும். செருப்பின் அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள். விழும் இடத்துக்கு ஆர்ட் டிபார்ட்மெண்டிடம் கேட்டால் கல்லின் அதே டிசைனில் ஃபிளெக்ஸ் அடித்து ஃபோமின் மேல் ஒட்டித் தருவார்கள். தூர ஷாட்டில் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது வளவு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் உயர்ந்த தாழ்வாரம், அதன் விளிம்பு கல். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்குத் தள்ளிவிடப்படும் ஷாட் எல்லா இயக்குநருக்கும் ஆசை. விழுபவரின் பின்மண்டை அந்த விளிம்புக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி இல்லாவிட்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

தூண்களில் கயிறு கட்டவே கூடாது. ஒரு வீட்டில் கயிறு கட்டும் ரோப் மேன் அளவெடுக்கத் தூணைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு ஆச்சி வந்தார்கள். "தம்பி, எங்க அய்யா பர்மாவுல இருந்து கப்பல்ல கொண்டாந்த மரம். நீங்க ஆள வேணும்னா தொங்கவிடுங்க, தூண்ல கயிறு மட்டும் போடாதீக" என்றார்கள். ஆளைப் பற்றி அவ்வளவுதான் கவலை. ஆனால் தொழில்படியும் ஆச்சி சொன்னதுதான் சரி. நூறு வருஷத்துத் தூண் உத்தரத்தைத் தாங்க நிறுத்தியது. பக்கவாட்டில் வெடுக்கென்று இழுக்கும் இழுப்பை அது எப்படித் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரேனை வெளியே நிறுத்தி முற்றத்தின் திறப்பு வழியாகக் கயிறை இறக்குவோம். சுவர்ப் பூச்சில் ஆணி, ட்ரில் எதுவும் கிடையாது. நாட்டு ஓட்டின் மேல் ஓடும் ஷாட்டும் கிடையாது. ஓடு உடைவது இருக்கட்டும், அடியில் இருக்கும் சட்டம் உளுத்திருந்தால் ஆளே உள்ளே போய்விடுவான்.

இந்த வீடுகள் தருகிற வரம் ஒன்றும் இருக்கிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு தெரியும். நீண்ட லென்ஸைப் போட்டு அந்தக் கோட்டிலேயே சண்டையை நகர்த்தினால் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆளாக விழுந்துகொண்டே வரலாம். நாலே ஃபைட்டரை வைத்துப் பத்துப் பேர் மாதிரி காட்டியிருக்கிறோம். விழுந்தவர் தாழ்வாரம் வழியாக ஓடிப்போய் அடுத்த கட்டில் சட்டை மாற்றி நிற்பார்.

இன்னொன்று வேட்டி. மடித்துக் கட்டிய வேட்டியில் முழங்கால் தெரியும், அதனால் முட்டிக் கவசம் போட முடியாது. பேண்ட் சட்டைப் படங்களில் வேலை செய்த சென்னை ஃபைட்டர்கள் இங்கே வந்து இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். வேட்டிச் சண்டையில் முட்டி போட்டு விழும் எதையும் கம்போஸ் செய்யாதீர்கள். முதுகும் பக்கமும்தான். முழங்கைக்கும் முதுகுக்கும் சட்டைக்குள் பேட் கொடுக்கலாம். இடுப்பில் வேட்டியை வெல்க்ரோவால் பிடிக்க வேண்டும். சேஃப்டி பின் வேண்டாம், விழும்போது திறந்து குத்தும்.

ஒருங்கிணைப்பாளரின் வேலை

கதையில் "இருவரும் மோதிக்கொள்கிறார்கள்" என்று ஒரு வரிதான் இருக்கும். அதை ஷாட்டாகவும் ஆளாகவும் மெத்தையாகவும் பணமாகவும் பிரித்துக் கொடுப்பது நம் வேலை. இடத்தை நேரில் பாருங்கள், எந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை வைத்து ஃபோனில் முழுச் சண்டையையும் எடுத்து, வெட்டி ஒட்டி, இயக்குநருக்குக் காட்டுங்கள். செட்டில் வாக்குவாதம் பாதியாகக் குறையும். ஹீரோவிடம் பழைய காயம் எதுவும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். மாடு, குதிரை வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டில் ஓடிய காளைதானே, கூட்டிவந்துவிடலாம் என்று லொகேஷன் மேனேஜர் சொல்வதை நம்பாதீர்கள்.

கயிறோ மெத்தையோ, ஆள் ஏறுவதற்கு முன் அதே எடைக்கு மணல் மூட்டை போய்வர வேண்டும். ஒரு படத்தில் மாடியிலிருந்து வளவுக்குள் தானே குதிப்பேன் என்று ஹீரோ பிடிவாதம் பிடித்தார். அவர் எடைக்கு மூட்டை கட்டி மாடியிலிருந்து தள்ளினோம். மூட்டை விழுந்த வேகத்தில் மெத்தை ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி இரண்டடி நகர்ந்து கல் விளிம்பில் முட்டி நின்றது. அவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைக்கு அடியில் ரப்பர் விரித்து, நாலு மூலையையும் மணல் மூட்டைகளோடு கட்டி, திரும்ப மூட்டையைத் தள்ளி, அசையவில்லை என்று பார்த்த பிறகு டூப்தான் குதித்தார். ஹீரோ அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

முடியாது என்று சொல்லும் தைரியம்தான் இந்த வேலையின் பெரும் பகுதி. வெளிச்சம் போகிறது, நாளைக்குக் கால்ஷீட் இல்லை, ஒரே ஒரு டேக் என்பார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் காரைப் பறக்கவிடும் ஷாட்டில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்துபோனார். அனுபவம் நிறைந்தவர், ஏற்பாடுகளோடுதான் செய்தார்கள். ஏற்பாடு இருந்தும் போகும் உயிர் இது. அப்படியிருக்க, ஏற்பாடே இல்லாத ஷாட்டுக்கு உங்கள் ஆளை அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க வேண்டும், டிரைவர் சாப்பிடப் போயிருந்தால் ஷாட் கிடையாது. காரைக்குடி அரசு மருத்துவமனை பக்கம்தான், ஆனால் தலையில் பெரிய அடி என்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கும். எந்தச் சாலை, எவ்வளவு நேரம் என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தாலோ கேள்விக்குக் குழறினாலோ அன்றைக்கு அவனுக்கு வேலை முடிந்தது, நேராக ஆஸ்பத்திரி. வீங்கிய மூட்டுக்கு எண்ணெய் போட்டு நீவுவதெல்லாம் எக்ஸ்ரே எடுத்த பிறகு.

ரோப் ஷாட் இருக்கும் காலையில் ஃபைட்டர்கள் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் ஒரு கட்டு கட்டாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான். ஹார்னெஸ் வயிற்றை இறுக்கித் தலைகீழாகத் தொங்கும்போது என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மரியாதை இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது. 64-வது தேசிய விருதுகளில் புலிமுருகன் என்ற மலையாளப் படத்துக்காக மாஸ்டர் பீட்டர் ஹெயினுக்கு சண்டைப் பயிற்சி விருது கொடுத்தார்கள், முதன்முதலாக. 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து ஆஸ்கரிலும் ஸ்டண்டுக்குத் தனிப் பிரிவு வருகிறது. மேட்ரிக்ஸ் படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டாஹெல்ஸ்கி பிறகு அவரையே நாயகனாக வைத்து ஜான் விக் இயக்கினார். அடி வாங்கியவர்கள் எங்கே வரை போக முடியும் என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பணம்

சம்பளம், பேட்டா என்கிற தினப்படி, ரிஸ்க் ஷாட்டுக்குக் கூடுதல் தொகை எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாயால் பேசியதை நம்பி, ஒரு கம்பெனியிடம் பேட்டாவுக்காக நான் மாதக்கணக்கில் ஃபோன் போட்டிருக்கிறேன். வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் தொகையும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், வெற்று வவுச்சரில் போடாதீர்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கு வழியாகவே எடுக்கலாம். 18 வயதிலிருந்து 70 வரை. இந்தத் தொழிலுக்கு அது போதவே போதாது, ஆனாலும் எடுத்து வையுங்கள். தனியார் பாலிசி எடுக்கும்போது ஏஜெண்ட் "பிசினஸ்னு போட்டுக்கலாம் சார்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழில் இருக்கும் கட்டத்தில் ஸ்டண்ட் கலைஞர் என்றே எழுதச் சொல்லுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. ஆபத்தான தொழிலுக்கு விலக்கு என்று பாலிசியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, எழுதிய விண்ணப்பத்தின் நகலை வீட்டில் அம்மாவிடமோ சம்சாரத்திடமோ கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.